ஆளுக்கொரு ஜன்னல்

அத்தியாயம் 11

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடத்தில்தான் அந்த லேப்டாப் இன்னும் இருந்தது. சாப்பாட்டு மேசையின் மேல், வாயைத் திறந்துகொண்டு. திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சுற்ற ஆரம்பித்தது, விடிந்து ஆறு மணியாகியும் ஓயவில்லை.

அதன் எதிரில் வாலு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண்ணை வாலு என்று கூப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு வேறெந்தப் பெயரும் ஒட்டவில்லை. கட்டடக்கலைப் படிப்பில் கடைசி வருஷம், கடைசி புராஜெக்ட். அதில் இரண்டு முறை தோற்றாயிற்று. இன்று மூன்றாவது முறை. இதிலும் தேறாவிட்டால் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம் என்று கல்லூரி அனுப்பிய கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்குள், கம்ப்யூட்டரில் எழுப்பிய கட்டட மாடலைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். இரண்டரை மணிக்கு ஜூரி. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்.

"அண்ணி, இது செத்துப் போச்சு" என்றாள் வாலு.

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டரில் கட்டடம் எழுப்பியவள் அவள். எட்டு மாதத்துக்கு முன் அலுவலகம் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது. அதற்கப்புறம் முப்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நான்கு இடத்திலிருந்து பதில் வந்தது. நான்கும் வருத்தம் தெரிவித்தன.

"சாகல. மூச்சு முட்டுது. ஃபைல் எவ்வளவு பெரிசு?"

"ஒண்ணே முக்கால் ஜிபி."

"கட்டடத்தைக் கட்டினியா, காட்டையே கொண்டுவந்து நட்டியா?"

"மரம் வச்சேன். அறுபது."

"இலை இலையாவா?"

"இலை இலையாத்தான்."

உள் அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மணி ஆறு பதினாலு. ஆறரைக்கு வண்டி. யாருக்காவது ஞாபகம் இருக்கா, இல்ல நானே நடந்து போயிடட்டுமா?"

அத்தை, அதாவது மருமகளின் மாமியார், பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, திரும்ப உடம்புக்குள் வரும். போகும்போது நடந்து போவார். வரும்போது ஆள் தாங்கிக் கொண்டுவர வேண்டும்.

இன்றைக்குச் செவ்வாய்.

"அத்தையை நான் கூட்டிட்டுப் போறேன். நீ உக்காந்து இதைப் பாரு" என்றாள் மருமகள்.

"ரெண்டு நாளா உக்காந்துதானே இருக்கேன். என்ன கிழிச்சேன்? நீங்க இருங்க அண்ணி. இந்தக் கழுதையை எழுப்ப உங்களுக்குத்தான் தெரியும். கனத்தைக் குறைங்க. மாடிப்படி மேல் தளத்தோட சேர மாட்டேங்குது, அதைச் சேத்து விடுங்க. அவ்வளவுதான்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது இருக்கட்டும்."

வெளியாள் கை படக் கூடாது என்பது கல்லூரி விதி. அது இருவருக்கும் தெரியும். ஒரு படியைச் சேர்ப்பது கை படுவதில் சேராது என்று இருவரும் அவரவர் மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள்.

மருமகளின் கணவன், வாலுவின் அண்ணன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் ஓட வேண்டியவன்.

"லிஃப்ட் எங்க வச்சிருக்கே, வாலு?"

"படிக்குப் பக்கத்துல."

"மெஷின் ரூம்?"

வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மெஷின் இல்லாம லிஃப்ட் மேல போகாதும்மா. கீழ வேணா வரும். ஒரே ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டினான். மத்தியானம் ஒரு மணிக்கு வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

அத்தை புறப்பட்டார். நாற்பத்தொரு கிலோ உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "அவ பரீட்சை உன் கையில இருக்கு. பாத்து ஓட்டு."

"படி மட்டும்தான் அத்தை."

"பெரிய விபத்தெல்லாம் சின்ன ஸ்டாப்பிங்லதான் நடக்கும்" என்றார் அத்தை.

---

வீடு காலியானது. மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் மரங்களை வெட்டினாள். அறுபது மரமும் போனதும் ஃபைல் பாதியாக இளைத்தது. ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சுவர்கள் இருந்தன. பழையதை அழிக்காமலே வாலு புதியதை எழுப்பியிருந்தாள். ஃபைலுக்குள் ஒவ்வொரு அடுக்குக்கும், அதாவது லேயருக்கும், அவள் வைத்திருந்த பெயர்களைப் படித்து மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. 'சுவர்', 'சுவர் புதுசு', 'சுவர் நிஜமாவே புதுசு', 'அப்புறம் பாக்கலாம்', 'தெரியல'.

மாடிப்படிக்கு வந்தாள். தளத்தின் உயரம் மூன்று மீட்டர் அறுபது. வாலு பத்தொன்பது படி வைத்து, மிச்ச உயரம் முழுவதையும் கடைசிப் படியின் தலையில் கட்டியிருந்தாள். அதில் ஏறுவதற்குக் கயிறு வேண்டும். மருமகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதினைந்து சென்டிமீட்டரில் இருபத்து நான்கு படிகள் வைத்தாள். நடுவில் ஆள் நின்று மூச்சு வாங்க ஒரு மேடை. கடைசிப் படி மேல் தளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்போது மணி எட்டு இருபது. சொன்ன வேலை முடிந்துவிட்டது. அவள் எழுந்திருக்கலாம்.

எழுந்திருக்க முடியவில்லை. எட்டு மாதமாக அந்தக் கை பாத்திரம் தேய்த்தது, துணி மடித்தது, மாத்திரை எண்ணியது. 'நீ வீட்லதானே இருக்கே' என்று ஆரம்பித்து ஆளாளுக்கு வேலை சொன்னார்கள். இப்போது அதே கைக்கு ஒரு கட்டடம் கிடைத்திருக்கிறது. படியைச் சேர்த்ததும் பக்கத்துத் தூண் கோணல் என்று தெரிந்தது. தூணை நிமிர்த்தினால் மேல் தளத்துத் தூண் அதன் தலையில் நிற்கவில்லை. அதையும் நகர்த்தினாள். லிஃப்டுக்கு மெஷின் ரூம் வைத்தாள். அந்தரத்தில் மிதந்த கதவுகளைத் தரைக்கு இறக்கினாள். உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்த சுவர்களைப் புரட்டிப் போட்டாள். தேநீர் ஆறிப் போனதை அவள் கவனிக்கவே இல்லை.

ஒன்பதரை மணி சுமாருக்கு 'ஆளுங்க' என்று ஒரு அடுக்கைத் திறந்தாள். கட்டடத்துக்குள் நடமாட வைக்கிற மனித உருவங்கள் இருக்கும் என்று நினைத்தாள். மாணவர்கள் அப்படி வைப்பது வழக்கம். ஆனால் உள்ளே இருந்தவை ஜன்னல்கள். பன்னிரண்டு ஜன்னல்கள், பன்னிரண்டும் பன்னிரண்டு தினுசு. ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று இடுப்புக்குக் கீழே. ஒன்று அகலம், ஒன்று ஒரு சாண். ஒன்று சம்பந்தமே இல்லாமல் எதிர்ச் சுவரில்.

பாவம், தூக்கக் கலக்கத்தில் கை தவறியிருக்கிறாள் என்று மருமகள் நினைத்தாள்.

வாலுவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கேட்டால் வேலை நிற்கும். ஒன்பது வருஷத்தில் ஜன்னல் எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அவள் பன்னிரண்டையும் பிடித்து 'ஜன்னல்' அடுக்குக்கு மாற்றி, ஒரே அளவாக்கி, தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டரில் வரிசையாக நிறுத்தினாள். கட்டடத்தின் முகமே மாறிப் போயிற்று. அழகாக இருந்தது. அது பொய்யில்லை, உண்மையிலேயே அழகாக இருந்தது.

டயாலிசிஸ் பிரிவுக்கான கட்டடம் அது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அத்தை போய்ப் படுக்கிற அந்த அறைக்குள் அந்த வீட்டில் காலடி வைக்காதவள் அவள் ஒருத்திதான். வேலைக்குப் போன காலத்தில் நேரமில்லை. வேலை போனபின் வீட்டையும் அடுப்பையும் அவள் பார்த்துக்கொண்டாள், அண்ணனும் தங்கையும் முறை போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

சேமிக்கப் போனபோது டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு பெட்டி எழும்பியது. பழைய ஃபைல், புது ஃபைல் இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை. பழையதன் மேலேயே சேமித்தாள். பிறகு, ஜூரிக்குக் காட்ட வேண்டிய படங்களைத் தயாரிக்கச் சொல்லி லேப்டாப்பை ஓட விட்டாள்.

---

பதினொன்று முப்பத்தைந்துக்கு வண்டி வந்தது. அத்தையை இருவருமாகத் தாங்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் லேட்டு" என்று மட்டும் சொன்னார்.

வாலு முகத்தைக்கூடக் கழுவாமல் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மருமகள் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படி ஏறுது பாரு. தூணெல்லாம் நேராக்கிட்டேன். உங்கண்ணன் கேட்ட மெஷின் ரூம்கூட வச்சிட்டேன். ஃபைல் நூறு எம்பிதான் இப்ப." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரல் திரும்பியிருந்தது.

வாலு மாடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று. ஜன்னல் வரிசை இருந்த வடக்குச் சுவரில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"பழைய ஃபைல் இருக்கா அண்ணி?"

"இல்லையே. இடம் இல்லேன்னு அது மேலயே சேவ் பண்ணிட்டேன். ஏன், ஏதாவது விட்டுப் போச்சா?"

"இந்தப் படத்தை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சா எவ்வளவு நேரமாகும்?"

"முக்கால் மணியாவது ஆகும். ஏண்டி?"

வாலு மணியைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. அழகா இருக்கு அண்ணி" என்றாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஏற்றிவிட்டாள்.

---

ஒரு மணிக்குக் கணவன் வந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனார்கள். ஜூரி அறைக்கு வெளியே நீளமான வராந்தா. அட்டையிலும் மரச் சிம்பிலும் செய்த கட்டடங்களை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கூரை பெயர்ந்து வந்துவிட்டது. நகம் கடித்துக்கொண்டே அதை விரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

வாலுவை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு. சரியாகச் சாத்தாத கதவு. மருமகள் அதன் அருகில் போய் நின்றாள். வாலுவின் முதுகு தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. அவர் முன்னால் ஒரு லேப்டாப்பில் மாடல் திறந்திருந்தது. பின்னால் சுவரில் அதுவே பெரிதாகத் தெரிந்தது.

"ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார் பேராசிரியை. "போன தடவை பாத்ததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்."

வெளியே மருமகளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வலது பக்கம் இருந்தவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். "படிக் கணக்கு, தூண் எல்லாம் கச்சிதம். தொழில் பண்றவங்க செஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றாள் வாலு.

"நான் பாராட்டலம்மா."

பேராசிரியை கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். போன வாரமே வாலு எழுதிக் கொடுத்த அறிக்கை அது. மருமகள் அதைப் படித்ததில்லை. படிக்கக் கேட்டதும் இல்லை.

"பதினேழாம் பக்கம். நீ எழுதினதைப் படிக்கிறேன். 'பிரிவில் பன்னிரண்டு படுக்கைகள். பன்னிரண்டு பேரிடமும் கேட்டேன். நான்கு மணி நேரமும் அவர்கள் பார்ப்பது கூரையை மட்டும். அதனால் ஆளுக்கொரு ஜன்னல். மூன்றாம் படுக்கைக்காரரால் கழுத்தைத் திருப்ப முடியாது, அவர் ஜன்னல் கால்மாட்டுச் சுவரில். ஏழாம் படுக்கைக்காரருக்கு வெளிச்சம் கூசும், அவருடையது ஒரு சாண் அகலம். பதினோராம் படுக்கையில் என் அம்மா. வலது கையில் ஊசி, இடது பக்கம்தான் திரும்ப முடியும். அந்தப் படுக்கையில் நான் படுத்துப் பார்த்து அளந்தேன். தரையிலிருந்து ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். அதற்கு மேலே போனால் வானம் மட்டும்தான் தெரிகிறது. அம்மாவுக்கு ரோடு பார்க்க வேண்டும்.'"

பேராசிரியை அறிக்கையைக் கீழே வைத்தார். "இதைப் பாக்கத்தான் இன்னைக்கு வந்தேன். எங்க இருக்கு அந்த ஜன்னல்?"

சுவரில் பன்னிரண்டு ஜன்னல்களும் பட்டாளம் போல ஒரே உயரத்தில் நின்றன.

மருமகளுக்கு அந்த அடுக்கின் பெயர் நினைவுக்கு வந்தது. 'ஆளுங்க' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தானே அவள்?

"ஏன் மாத்தினே?" என்றார் பேராசிரியை.

வாலு சுவரில் தெரிந்த ஜன்னல்களையே பார்த்தாள்.

"நீதான் மாத்தினியா?"

"நான்தான் மேடம். கடைசி நேரத்துல... எல்லாம் ஒரே சீரா இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு."

"எழுதினது ஒருத்தர், கட்டினது ஒருத்தர் மாதிரி இருக்கே" என்றார் வெளித் தேர்வாளர்.

பேராசிரியை முன்னால் குனிந்து வாலுவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். வெளியே கேட்கவில்லை. பிறகு தன் முன்னால் இருந்த லேப்டாப்பை இரண்டு கையாலும் மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று தள்ளிவிட்டதாகவே மருமகளுக்குத் தெரிந்தது.

எப்படிக் கதவைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அவ மேல தப்பில்லைங்க. அந்த ஜன்னலெல்லாம் அவ சரியாத்தான் வச்சிருந்தா. நான்தான் மாத்தினேன். நான் அவ அண்ணி. இந்த வேலைதான் பாத்திட்டிருந்தேன். அவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப அவகிட்ட கேக்காமலே மாத்திட்டேன். அந்த அறிக்கையில இருக்கறதுதாங்க அவளோடது. அதுக்கு மார்க் போடுங்க."

வாலு திரும்பவில்லை. அவள் வலது கை லேப்டாப்பின் மேல் இருந்தது. திரையில் பதினோராம் ஜன்னல் பாதி இறங்கியிருந்தது.

வெளித் தேர்வாளர் பேனாவை மூடினார்.

"படிகளும் நீங்கதானா?" என்று கேட்டார் பேராசிரியை. கோபமில்லாத குரல். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஆமாங்க."

"தூண்?"

"ஆமா."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகத்துக்கு நாங்க மார்க் குறைக்கலாம், குறைக்காம விடலாம். இப்ப நீங்க வந்து சொல்லிட்டீங்க. மூணு பேர் காதுலயும் விழுந்தாச்சு. இனி என் கையில ஒண்ணுமில்ல. முடிவு ரெண்டு நாள்ல எழுத்துல வரும். ஆனா..." அவர் வாலுவைப் பார்த்தார். "நீ எதையும் எதிர்பாக்காதேம்மா."

---

வராந்தாவின் கோடியில் மாடிப்படி. வாலு மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், குடிக்காமல் மறுபடி உள்ளே வைத்தாள்.

"அவங்க குனிஞ்சு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"பத்து நிமிஷம் குடுத்தாங்க. 'யோசனை உன்னதுன்னா உங்கம்மா ஜன்னலை மட்டும் இருந்த இடத்துல வச்சுக் காட்டு. வச்சிட்டா உன்னைப் பாஸ் பண்ணி விட்டுடறேன்'னாங்க."

மருமகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். எனக்கு மனப்பாடம். இன்னும் அரை நிமிஷம் ஆகியிருக்கும். நீங்க உள்ள வந்திருக்கக் கூடாது அண்ணி."

"உன் மேல பழி விழுதேன்னு..."

"தெரியும்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே. பாத்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கும். என்னைத் திட்டியாவது இருக்கலாம் வாலு."

"திட்டி? மணி பன்னெண்டு ஆகப் போவுது. திட்டினா ஜன்னல் இறங்குமா?" வாலு படியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதோட நீங்க சிரிச்சிட்டு நின்னீங்க. நீங்க சிரிச்சு எத்தனை மாசமாச்சு. சரி, ஜூரியில வாயால பேசிச் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

கீழே யாரோ பாஸாகிவிட்டான் போலிருக்கிறது. நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அந்தச் சத்தம் வாசலைத் தாண்டுகிறவரை காத்திருந்தார்கள்.

"என்னை மன்னிச்சுடு" என்றாள் மருமகள்.

"இப்ப அது முடியாது அண்ணி. இன்னொரு நாள் பாக்கலாம்." வாலு எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இன்னைக்கு வீட்ல சொல்லாதீங்க. அம்மா மெஷின்லேர்ந்து வந்து துவண்டு கிடக்கு. அண்ணன் கத்தும். லெட்டர் வரட்டும். நானே சொல்லிக்கறேன். சத்தியமா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்கல."

"இந்தத் தடவையாவது" என்றாள் வாலு.

பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. வாலு தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.

---

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே கால். கணவன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தான்.

அத்தை கண் விழித்திருந்தார். "என்ன ஆச்சு?"

"முடிஞ்சுதும்மா" என்றாள் வாலு. "நல்லா போச்சு."

"நல்லா போச்சுன்னா?"

"பாஸ்தான். லெட்டர் வரணும். ஆனா வாயாலயே சொல்லிட்டாங்க."

மருமகள் தரையைப் பார்த்தாள். கணவன் எழுந்து தங்கை தலையில் ஒரு தட்டு தட்டினான். இந்த மாதிரி நேரத்தில் அவனுக்குப் பேசத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. "லிஃப்ட் மேல போச்சா?" என்று மட்டும் கேட்டான்.

"போச்சுண்ணே. அண்ணி மெஷின் ரூம் வச்சாங்க."

"அப்படிப் போடு."

"குளிச்சிட்டு வரேன்" என்று வாலு குளியலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் குழாய்ச் சத்தம் மட்டுமே கேட்டது.

கணவன் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். மருமகள் தண்ணீர் அளக்கிற சின்னத் தம்ளரை நிரப்பி அத்தையிடம் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர்தான் என்று டாக்டர் கணக்கு. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை அவளிடமே கொடுத்தார்.

"கதவைச் சாத்திட்டு இங்க உக்காரு."

அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப நாளா இது எனக்குள்ளயே இருக்கு. இன்னைக்குத்தான் சொல்ல முடியுது" என்றார் அத்தை. "என் பையன் எப்படியும் பொழச்சுக்குவான். அவனுக்கு நீ இருக்கே. இந்தச் சின்னது ஒண்ணுதான் டிப்போவிலயே நின்னு போன வண்டியா நின்னுட்டிருந்தது. அது கிளம்பறதைப் பாத்துட்டுப் போயிடணும்னுதான் அந்த மெஷின்ல போய்ப் போய்ப் படுத்தேன். கையைப் பாரு, குத்தறதுக்கு இன்னும் இடமிருக்கா?"

கறுத்து முடிச்சு முடிச்சாகிப் போன கை. மருமகள் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் டாக்டர்கிட்ட தனியா கேட்டேன். நிறுத்திட்டா எத்தனை நாள்னு. ஒரு வாரம், பத்து நாள்னாரு. வலி தெரியாம பாத்துக்கலாம்னாரு. நல்ல மனுஷன், மழுப்பல."

"அத்தை..."

"அழாதே. நான் தெளிவாத்தான் பேசறேன். பொண்ணு தேறிட்டா. எனக்கு அது போதும். வியாழக்கிழமைக்கு வண்டி சொல்ல வேண்டாம். என் பையன்கிட்ட நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். நான் சொன்னா குழந்தை மாதிரி அழுவான். நீ சொன்னா கேப்பான்."

அவள் வாய் திறந்தது. பொண்ணு தேறலை அத்தை என்று ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் இந்தக் கை வியாழக்கிழமை மறுபடி ஊசிக்கு நீளும். மகளின் படிப்பு முடிந்து போனதும், அதை முடித்து வைத்தது யார் என்பதும் தெரிந்து நீளும். சொல்லாவிட்டால் நீளாது. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏன் பேச மாட்டேங்கறே?" என்றார் அத்தை. "உனக்குச் சம்மதமில்லையா?"

முன்னறையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். அன்று அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

"வண்டிக்காரர் லைன்ல இருக்கார். வியாழக்கிழமை வழக்கம்போல ஆறரைதானே?"

அத்தையின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகின.

"ஏய், உன்னைத்தான் கேக்கறேன்" என்றான் கணவன். "அவர் காத்திட்டிருக்கார். என்ன சொல்லட்டும்?"